காப்பித் தோட்டம் யாருக்காக? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

காப்பித் தோட்டம் குறித்துப் பெங்களூரிலிருந்து எழுதிய வாசகர்கள் பலரும் ஒரே கவலையை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: தோட்டத்தை வருமானத்துக்காக மட்டும் அல்லாமல், தெளிந்த நோக்கத்தோடு நடத்துவது எப்படி? அக்கடிதங்களில் ஐந்துக்கு இங்கே விடை எழுதுகிறேன். முதல் மூன்றும் விரிவாகப் பேச வேண்டியவை என்பதால் அவற்றுக்கு இடம் கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் மென்பொருள் துறையில் பணிபுரிகிறோம். இருவர் குடும்பத்திலும் வேளாண்மை இல்லை. சிக்கமகளூரு பக்கம் 5 ஏக்கர் அரபிகா தோட்டம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வார இறுதியில் போய்த் தங்கும் பங்களாவாக வைத்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. மண்ணுக்கும் அங்குள்ள மக்களுக்கும் பயன்படும்படி அதை நடத்த விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பெல்லந்தூர்

பதில்: உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். அதனால்தான் மண்ணையும் மக்களையும் பற்றிப் பேசுமுன் கணக்கைப் பேச விரும்புகிறேன். நட்டத்தில் ஓடும் தோட்டத்தில் முதலில் வெட்டப்படுவது நிழல் மரம். முதலில் குறைக்கப்படுவது கூலி. 5 ஏக்கர் என்பது ஏறத்தாழ 2 எக்டேர். நம் நாட்டில் அரபிகாவின் சராசரி விளைச்சல் எக்டேருக்கு அரை டன்னைத் தொடுவதில்லை. ஆகவே உங்கள் தோட்டம் சராசரியாக விளைந்தால் ஓர் ஆண்டில் கையில் நிற்பது ஒரு டன்னுக்கும் குறைவான காப்பிக்கொட்டையே. அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 6 கிலோ பழத்தை ஆள் வைத்துக் கையால் பறித்தாக வேண்டும். உரம், கவாத்து, களையெடுப்பு, நிழல் சீராக்கம் என்று ஆண்டு முழுதும் செலவு நடக்கும். காப்பியிலிருந்து வருமானமோ அறுவடை முடிந்த பிறகுதான் வரும்.

விலையும் உங்கள் கையில் இல்லை. விவசாயிகளின் விளைச்சலைக் காப்பி வாரியமே திரட்டி விற்றுத் தந்த முறை 1996-ஆம் ஆண்டோடு முடிந்துபோயிற்று. அதன்பின், நியூயார்க்கில் அரபிகாவுக்கும் லண்டனில் ரோபஸ்டா என்னும் மற்றக் காப்பி வகைக்கும் நடக்கும் வணிகமும், பிரேசிலிலும் வியட்நாமிலும் பெய்யும் மழையும் பெய்யாத மழையும் சிக்கமகளூரு மாவட்டத்து மூடிகெரெயில் உள்ள சிறு விவசாயியின் வரவைத் தீர்மானிக்கின்றன. 2024-லும் 2025-லும் விலை ஏறியதைப் பார்த்து, இனி என்றும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் நிலம் தேடுவோர் பலர் இருக்கிறார்கள். இன்றைய விலையில் பாதிதான் கிடைக்கும் என்றாலும் இந்தத் தோட்டத்தை இதே முறையில் நடத்துவோமா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒப்பான விடை கிடைத்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் நோக்கமும் பிறக்கிறது. மண்ணை வளமாக வைத்திருப்போம், மக்களுக்கு நல்லது செய்வோம் என்று எழுதிவைப்பது எளிது. விலை விழுந்த ஆண்டில் அவ்வாசகம் எந்த முடிவையும் எடுத்துத் தராது. அதைவிட, எந்த நிலையிலும் எவற்றைச் செய்ய மாட்டோம் என்று எழுதிவையுங்கள். பழத்தோல் உரித்த கழிவுநீரை ஓடையில் விட மாட்டோம். மண்ணின் மரங்களை வெட்டி விற்று ஓர் ஆண்டின் நட்டத்தை ஈடுகட்ட மாட்டோம். வேலை செய்தவருக்கு வாரக்கூலியை நிறுத்திவைக்க மாட்டோம். இப்படி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதனால் ஆகக்கூடிய செலவையும் எழுதுங்கள். அச்செலவுக்குத் தேவையான தொகையைத் தனியே எடுத்துவைக்க முடிந்தால், உங்கள் நோக்கத்துக்குக் காலூன்ற இடம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

அடுத்து, நிலத்தை ஒரே பருவத்தில் பார்த்து வாங்காதீர்கள். தரகர்கள் பெரும்பாலும் மழை ஓய்ந்து எங்கும் பச்சையாக இருக்கும் காலத்தில் அழைத்துச் செல்வார்கள். நீர் இருக்கிறதா என்பதைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓடையைப் பார்த்து அறிய வேண்டும். மார்ச், ஏப்ரலில் பெய்து செடியைப் பூக்கவைக்கும் பூமழைக்குப் பிறகு பார்த்தால் செடிகளின் உடல்நலம் தெரியும். ஜூலை மழையில் நடந்து பார்த்தால் எந்தச் சரிவில் மண் வழிகிறது, எந்தப் பாதை துண்டிக்கப்படுகிறது என்பது விளங்கும். 2018 ஆகஸ்டில் பெருமழையின்போது குடகின் மலைச்சரிவுகள் வீடுகளோடும் தோட்டங்களோடும் சரிந்ததை நாம் அறிவோம். சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டடம் எழுப்பிய, அல்லது எழுப்பத் திட்டமிட்ட நிலமாக இருந்தால் இருமுறை யோசியுங்கள். விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார் என்றால், அடுத்த தோட்டத்துக்காக நீங்கள் காத்திருங்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, வேளாண் பின்னணி இல்லாதவர் விளைநிலம் வாங்குவதற்குக் கர்நாடகத்தில் இருந்த தடை 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. ஆயினும் பஹணி எனப்படும் கர்நாடக நிலப்பதிவேட்டில் உள்ள பரப்பும் வேலிக்குள் இருக்கும் பரப்பும் ஒன்றுதானா என்பதை அளந்து பாருங்கள். வனத்தையோ அரசு நிலத்தையோ ஒட்டி, பட்டாவுக்கு வெளியே நட்டுவைத்த செடிகளையும் சேர்த்து விலை பேசுவது மலைநாட்டில் அரிதான வழக்கம் அன்று. அவ்வாறு சேர்த்த நிலத்தில் எந்த நல்ல நோக்கமும் நிலைக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 250 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு கைப்பேசியில் தோட்டம் நடத்த முடியாது. இருவரில் ஒருவர் மாதத்தில் சில நாட்களேனும் அங்கே தங்க வேண்டும். முதல் ஓராண்டில் எதையும் மாற்றாமல், ஏற்கெனவே அங்கு வேலை செய்பவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டும். பாலெஹொன்னூரில் 1925 முதல் இயங்கும் மத்தியக் காப்பி ஆராய்ச்சி நிலையமும், வாரியத்தின் விரிவாக்க அலுவலர்களும் உங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். மண்ணைச் சோதித்து, அதன் முடிவுக்கு ஏற்ப சுண்ணாம்பும் உரமும் இடுவதே முதல் பணியாக இருக்கட்டும்.

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வைத்த 8 ஏக்கர் அரபிகா தோட்டம் எனக்கும் என் அண்ணனுக்கும் பொதுவாக வந்திருக்கிறது. பழைய பலா, அத்தி மரங்களை அகற்றிவிட்டு சில்வர் ஓக் நட்டால் வெளிச்சம் கிடைத்து விளைச்சல் கூடும் என்கிறார் அண்ணன். மரங்களைக் காப்பதே இத்தோட்டத்தின் பொருள் என்று நான் நினைக்கிறேன். யார் சொல்வது சரி?
– வாசகி, அல்சூர்

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை முதலில் அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். நிழல் மிகுந்தால் செடி நெட்டையாக வளர்ந்து பூ குறையும். மழைக்காலத்தில் ஈரம் தங்கி இலைகளும் காய்களும் அழுகும் நோய் பரவும். ஆண்டுதோறும் மழைக்கு முன் கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைச் சீராக்குவது தோட்ட வேலையின் இன்றியமையாத பகுதி. பல ஆண்டுகள் கவனிப்பார் இல்லாமல் கிடந்த தோட்டத்தில் அந்த வேலை நின்றுபோயிருக்கும். விளைச்சல் குறைவுக்கு மரங்களைவிட அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஆனால் கிளை கழிப்பதும் மரத்தை அகற்றுவதும் வேறு வேறு. அரபிகாவின் கொடிய பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் அது முட்டையிடுகிறது. புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் மருந்தால் செடியைக் காப்பாற்ற இயலாது. அடையாளம் கண்டு பிடுங்கி எரிப்பதே வழி. நிழல் குறைந்த தோட்டத்தில் அது பெருகும் என்பது காப்பி விவசாயிகள் பல தலைமுறைகளாக அறிந்தது. இன்று மரங்களை வெட்டினால் இரண்டொரு ஆண்டுகள் விளைச்சல் கூடுவது போலத் தோன்றலாம். அதன் பிறகு செடிகளே விழத் தொடங்கினால், புதுக்கன்று நட்டுக் காய் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். விரைவாக வளரும்; மிளகுக் கொடி ஏற்ற வசதியானது; வெட்டி விற்றால் பணம் வரும். ஆகவே அதை அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டம் முழுதும் அது ஒன்றே நிற்கும்போது, பலவகை மரங்கள் உதிர்க்கும் இலையால் மண்ணுக்குக் கிடைத்த சத்தும், அத்திப் பழத்தை நம்பி வந்த பறவைகளும் போய்விடும். ஒரே வகைப் பயிரை மலை முழுதும் பரப்பியதன் விளைவை நம் மக்கள் ஒருமுறை கண்டிருக்கிறார்கள். 1869-இல் இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றி அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கிருந்த காப்பித் தொழிலையே அழித்தபோது, தமிழகத்திலிருந்து அம்மலைகளுக்குப் போய் உழைத்த குடும்பங்கள்தாம் முதலில் பிழைப்பை இழந்தன. அந்நோய் இன்றும் நம் தோட்டங்களில் இருக்கிறது.

தாண்டிக்குடி இருக்கும் கீழ்ப்பழனி மலைகளின் பழைய தோட்டங்கள் காப்பியை மட்டும் நம்பியவை அல்ல. காப்பிக்கிடையே மலைவாழையும் கமலா ஆரஞ்சும் மிளகும் இருந்தன; காப்பி விலை விழுந்த ஆண்டில் வாழைத்தார் வீட்டைக் காத்தது. அப்பகுதியின் விருப்பாச்சி, சிறுமலை வாழைகள் புவிசார் குறியீடு பெற்றவை. உங்கள் அண்ணன் தேடும் கூடுதல் வருமானத்துக்கு மரங்களை அகற்றாமலே அங்கு இடமிருக்கிறது. முதலில் தாண்டிக்குடியில் உள்ள காப்பி ஆராய்ச்சி நிலையத்தாரை அழைத்து, எந்த மரத்தின் எந்தக் கிளையைக் கழிக்கலாம் என்று கேளுங்கள். இடைவெளி உள்ள இடங்களிலும் பட்டுப்போன மரங்களின் இடத்திலும் மட்டும் சில்வர் ஓக்கோ, கல்யாண முருங்கையோ நட்டு மிளகு ஏற்றுங்கள். ஈராண்டுகளுக்கு வரவு செலவை இருவரும் ஒரே ஏட்டில் எழுதிவாருங்கள். அதன் பிறகு பேசினால் அண்ணனுக்கும் உங்களுக்கும் இடையே வழக்கு இராது, கணக்கு இருக்கும். மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி பெற வேண்டியிருக்கும் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: குடகில் சோமவாரப்பேட்டைக்கு அருகே எனக்கு 12 ஏக்கர் தோட்டம் உண்டு. நன்கு பழுத்த பழத்தை மட்டும் பறிக்கச் சொன்னால், வேலையாட்கள் மனம் கோணிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தரமும் வேண்டும், அவர்களும் நிலைக்க வேண்டும். என்ன செய்யலாம்?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: இக்கடிதத்தைப் படித்தபோது, நோக்கத்தோடு தோட்டம் நடத்த விரும்பும் பலரும் காணத் தவறும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று தோன்றியது. அறுவடைக் காலத்தில் கூலி பெரும்பாலும் பறித்த கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. கிளையை உருவி எல்லாக் காய்களையும் பறிப்பவர் ஒரு நாளில் சேர்க்கும் எடையை, சிவந்த பழத்தை மட்டும் தேர்ந்து பறிப்பவர் சேர்க்க முடியாது. அப்படியானால் நீங்கள் கேட்கும் தரத்தின் விலையை அவர் தம் நாட்கூலியிலிருந்து கொடுக்கிறார். அவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவதில் வியப்பில்லை.

எனவே, தேர்ந்து பறிக்கும் சுற்றுகளுக்குக் கிலோக் கணக்கை விட்டு நாட்கூலி கொடுங்கள். அல்லது கிலோவுக்கான தொகையை, நல்ல கைத்திறன் உள்ளவர் முன்பு ஈட்டியதைவிடக் குறையாதபடி உயர்த்துங்கள். அரபிகாவில் பழம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. முதலில் ஆங்காங்கே பழுத்தவை, பின்பு முதன்மைப் பறிப்பு, இறுதியில் எஞ்சிய அனைத்தும் என்று பல சுற்றுகள் நடக்கின்றன. எந்தச் சுற்றில் எது வேண்டும் என்பதை மேஸ்திரி வழியாகச் சொல்லியனுப்பாமல் நீங்களே முன்நின்று, பழத்தைக் கையில் வைத்துக் காட்டுங்கள். எடை போடும் தராசு எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும். கடைசிச் சுற்றில் செடியிலும் தரையிலும் கிடக்கும் காய்களைப் பொறுக்குவதற்கும் தனிக்கூலி ஒதுக்குங்கள். அதில் எடை சேராது என்பதால் யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள். ஆனால் காய்த்துளைப்பான் வண்டு அடுத்த பருவம் வரை தங்குவது அந்த எஞ்சிய காய்களில்தான்.

கூலிக்கு அப்பாலும் பார்க்க வேண்டியவை உண்டு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிற்காலத் திருத்தத்தின்படியும், 5 எக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 பேருக்குக் குறையாத தொழிலாளரும் உள்ள தோட்டங்களையே கருதியது. 12 ஏக்கர் என்பது அந்த அளவுக்குச் சற்றுக் குறைவு. இந்நாட்டின் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் உங்களைப் போன்ற சிறு உடைமையாளர்கள். அவர்களிடம் வேலை செய்பவருக்குக் கழிப்பிடமும் குடிநீரும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கிடைப்பது உடைமையாளரின் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில், வரிசைகளுக்கு நடுவே நடந்து போகும் தொலைவில் ஒரு கழிப்பிடம் கட்டுவது, எந்தச் சான்றிதழுக்காகவும் காத்திராமல் இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடியது.

குடகில் யானைகள் தோட்டங்களுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அதிகாலையில் வேலைக்கு நடந்து வரும்போது தொழிலாளர் உயிரிழந்த நிகழ்வுகள் அங்கே மீண்டும் மீண்டும் நேர்கின்றன. வனத்துறையாரிடம் யானை நடமாட்டத்தைக் கேட்டறிந்து, வெளிச்சம் வந்தபின் வண்டியில் அழைத்து வாருங்கள். அதனால் வேலை ஒரு மணி நேரம் தாமதமானால் கூலியைக் குறைக்காதீர்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் அம்மலைகளில் தலைமுறைகளாக உழைத்து வருகின்றன. இப்போது அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். மொழி தெரியாதவர்களுக்குக் கணக்கை அவர்கள் மொழியில் விளக்கக்கூடிய ஒருவரை அமர்த்துங்கள். ஆட்கள் நிலைப்பதும் போவதும் பெரும்பாலும் வாரக் கணக்குத் தீர்க்கும் அந்த நேரத்தில்தான் முடிவாகிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் காப்பியை இடைத்தரகர் இல்லாமல் வறுத்து அரைத்துப் பெங்களூரிலேயே விற்கலாமா?
– வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: விற்கலாம், ஆனால் முதல் ஆண்டே முழு விளைச்சலையும் அதில் இறக்காதீர்கள். விளைவிப்பது, பதப்படுத்துவது, வறுப்பது, விற்பது ஆகிய நான்கும் தனித்தனித் தொழில்கள். பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்தப் பங்கைச் சிறப்பாகச் செய்து பாருங்கள். பறித்த அன்றே தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி, தரையிலிருந்து உயர்த்திய மேசைகளில் பரப்பி, பார்ச்மென்ட் காப்பியின் (மேல்தோல் நீங்கி உள்ளோடு மட்டும் மூடிய கொட்டையின்) ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு வரும்வரை நிதானமாக உலர்த்துங்கள். அவசரமாக உலர்த்திய கொட்டையை எந்த வறுவலும் திருத்தாது. காப்பி வாரியம் பெங்களூரில் வறுத்தலுக்கும் சுவை மதிப்பீட்டுக்கும் பயிற்சி அளிக்கிறது. விற்பனையைத் தொடங்குமுன் அதில் சேருங்கள். சிக்கரி கலந்து விற்பதானால் காப்பியின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும், கலவை விகிதத்தை உறையின்மேல் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். வடிகாப்பி குடித்துப் பழகிய நம் வீடுகளுக்குச் சிக்கரி கலந்த காப்பி தாழ்ந்தது என்று நான் கருதவில்லை. எவ்வளவு கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்குத் தோட்டமும் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. தினம் இருவேளை காப்பி குடிப்பவனுக்கு இதில் என்ன பங்கு?
– வாசகர், ஜெயநகர்

பதில்: உங்கள் வீட்டுக் குழாயில் வரும் காவிரி நீர் குடகில் தோன்றுகிறது, அதில் கலக்கும் ஹேமாவதி சிக்கமகளூரு மாவட்டத்தில் பிறந்து சக்லேஷ்புரத் தோட்டங்களின் ஊடே வருகிறது. நம் நாட்டுக் காப்பியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கர்நாடகத்தில், அதுவும் பெரும்பாலும் குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டங்களில் விளைகிறது. பழம் கழுவிய நீர் ஓடையில் கலந்தால் அதிலுள்ள சர்க்கரையும் பசையும் அழுகும்போது நீரின் உயிர்க்காற்றைத் தின்றுவிடும், மீன்கள் சாகும். நிழல் மரங்கள் நின்றால் மழைநீர் மண்ணில் இறங்கி, கோடையிலும் ஓடையாக வழியும். ஆகவே அந்த மலைகளில் ஒரு விவசாயி எடுக்கும் முடிவு உங்கள் காப்பி வடிகட்டிக்கு மட்டும் அன்று, அதில் ஊற்றும் நீருக்கும் உரியது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. வழக்கமாக வாங்கும் கடையில், இந்தக் கொட்டை எந்த ஊர்த் தோட்டத்தது, அரபிகாவா ரோபஸ்டாவா, எப்போது வறுத்தது என்று கேளுங்கள். விடை தெரிந்த கடைக்காரர் தோட்டக்காரரை நேரில் அறிந்தவராக இருக்க வாய்ப்புண்டு. அவரிடம், கழிவுநீரை என்ன செய்கிறார்கள் என்று அடுத்த முறை கேட்டு வரச் சொல்லுங்கள். நிழலில் விளைவித்து, கூலி குறையாமல் பறித்த காப்பி கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் விற்கும். ஒரு கோப்பைக்குப் 10 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 100 ரூபாய் கூடினாலும் கோப்பைக்கு ஒரு ரூபாய்தான் ஏறுகிறது. உங்கள் வீட்டுச் செலவு அதைத் தாங்கும் என்றால், அந்தக் காப்பியையே தொடர்ந்து வாங்குங்கள்.